சுவரில் அப்பா சீட்டு விளையாடுகிறார்

இந்த வாரம் இந்தப் பக்கம் காலியாகப் போயிருக்க வேண்டியது. சோம்பல் ஒரு காரணம். போன வாரம் எழுதின, ஐஸ் பெட்டிக்குள் தூங்கின ஆளின் கதைக்கு இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள், அப்படியே விட்டுவிடலாம் என்பது இன்னொன்று. ஆசிரியருக்குப் போன் போட்டு, கையில் அடிபட்டுவிட்டது, எழுத முடியாது என்றேன். எந்தக் கை என்று கேட்டார். நான் கொஞ்சம் யோசித்தேன். யோசித்ததிலேயே அவருக்கு விளங்கிவிட்டது, போனை வைத்துவிட்டார்.

அதனால் எழுதுகிறேன். சிரிக்கிறவர்கள் முதல் பாதியிலேயே சிரித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தெருமுனையில் ஒரு குருசடி. சிலுவை நட்டு மேலே கூரை எழுப்பின சின்னக் கோயில். அதற்கு நேர் எதிரே சங்குக் கொட்டகை. சங்கு குளிக்கப் போகிற படகுகளின் சாமான், கம்ப்ரஸர், ரப்பர் குழாய், எல்லாம் அங்கேதான் கிடக்கும். கொட்டகையின் நீளச் சுவரைச் சாக்குப் படுதா போட்டு மறைத்து வைத்திருந்தார்கள். குருசடித் திருநாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, வெயில் ஏறுவதற்கு முன்னால், படுதாவைக் கழற்றினார்கள்.

புதுப் பெயின்ட் வாசனையும், முந்தின நாள் சங்கில் இருந்து எடுத்துப் போட்ட சதையின் நாற்றமும் ஒன்றாக மூக்கில் ஏறின. நான் டீ கிளாஸோடு முன்வரிசையில் நின்றேன். எவன் மூஞ்சி எப்படி வந்திருக்கிறது என்று பார்த்து, அன்றைக்குத் தேவையான சரக்கைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றுதான்.

சுவரின் இடது பாதி முழுக்கக் கடல். மேலே படகு. படகில் இருந்து மஞ்சள் குழாய்கள் கீழே இறங்குகின்றன. அவற்றின் நுனியை வாயில் கடித்துக்கொண்டு ஆட்கள் கடல் தரையில் குப்புற நீந்துகிறார்கள், இடுப்பில் வலைப் பை. ஒருவன் மேலே வந்து படகின் விளிம்பைப் பிடித்திருக்கிறான். அவன் கண் மட்டும் சிவப்பு. எல்லாம் எங்கள் தெரு ஆட்களின் முகம். போட்டோ மாதிரி அப்படியே.

வலது பாதி கரை. ஒருவர் மீன் சுடுகிறார். ஒருவர் கைக்கண்ணாடியில் தலை சீவுகிறார். ஒருவர் வாயைத் திறந்து தூங்குகிறார். கடைசி மூலையில், நிழலில், நாலு பேர் சீட்டு விளையாடுகிறார்கள். அதில் சாக்கில் சாய்ந்து, காலை நீட்டிக்கொண்டு, கையில் விசிறி மாதிரி சீட்டு வைத்திருக்கிறவர் எங்கள் அப்பா. நீலக் கட்டம் போட்ட கைலி. பீடி விழுந்து அதில் ஓட்டை விழுந்திருந்தது. அந்த ஓட்டையைக்கூட விடவில்லை.

கமிட்டித் தலைவர் லூர்து அண்ணாச்சி ஒரு குச்சியை வைத்து எல்லோருக்கும் விளக்கம் சொன்னார். இந்தப் பக்கம் உழைப்பு, அந்தப் பக்கம் ஓய்வு என்றார்.

பின்னால் இருந்து ஒரு குரல், அப்பா பெயரைச் சொல்லி. "சூசைக்கு மட்டும் இந்தப் பக்கமே இல்ல போல."

தெருவே சிரித்தது. சொன்னது யார் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. டீ ஆறிப்போயிற்று.

பட்டப்பெயர்க் கடை

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் அந்தச் சிரிப்பு எவ்வளவு நாள் பாக்கி என்று உங்களுக்குத் தெரியும்.

எங்கள் தெருவில் பாதிப் பேருக்குப் பட்டப்பெயர் வைத்தவன் நான். குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நனைந்தபடி போகிற ஒருவருக்கு 'கவர்மென்ட் குடை'. நடக்கும்போது செருப்பு ஒரு பக்கம் மட்டும் சத்தம் போடுகிறவனுக்கு 'ஒத்த ஸ்பீக்கர்'. லூர்து அண்ணாச்சிக்கு ஒன்று வைத்திருக்கிறேன், அதை இங்கே எழுதினால் அடுத்த வாரம் உண்மையிலேயே கையில் அடிபடும்.

பள்ளிக்கூடத்தில் இருந்து என்னை அனுப்பினதும் இப்படி ஒன்றுக்குத்தான். ஹெட்மாஸ்டர் அறைக்கு வெளியே பழைய ஹெட்மாஸ்டர்கள் படம் வரிசையாகத் தொங்கும். மீசை இல்லாதவர்களுக்கு மீசை வரைந்து சமப்படுத்தினேன். பத்தாம் வகுப்புப் பாதியில் நின்றது. எனக்குத் தெரிந்த ஓவியம் அவ்வளவுதான் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

காத்துக் கலெக்டர்

சுவரில் வரைந்தது ரேவதி அக்கா. மதுரைக்காரர். ஊர் ஊராகப் போய்ச் சுவர்களில் வரைகிறதுதான் வேலை. வந்த முதல் இரண்டு வாரம் பிரஷ்ஷையே எடுக்கவில்லை. கொட்டகையில் உட்கார்ந்து ஆட்களைப் பென்சிலால் வரைந்துகொண்டே இருந்தார். எதற்கு என்ன பெயர் என்று ஆட்களிடம் கேட்பார். கேட்க வேண்டிய ஆள் நான்தான் என்று நானாகப் போய் உட்கார்ந்துகொண்டேன்.

படகில் கம்ப்ரஸர் பக்கத்தில் ஒருவர் எப்போதும் இருப்பார். கீழே இருக்கிறவர்களுக்குக் காற்று போகிறதா என்று பார்ப்பது அவர் பொறுப்பு. அவருக்கு என்ன பெயர் என்று அக்கா கேட்டார். "காத்துக் கலெக்டர்" என்றேன். முகத்தை வெகு நல்ல பிள்ளையாக வைத்துக்கொண்டு சொன்னேன். அக்கா எழுதிக்கொண்டார். பிறகு அவரிடமே போய், "நீங்கதானே காத்துக் கலெக்டர்?" என்று கேட்டுவிட்டார். அந்த மனிதர் அன்றைக்குச் சாயங்காலம் வரை என்னைத் தேடினார்.

அதற்குப் பிறகு அக்கா என்னிடம் எதையும் கேட்கவில்லை. அப்பாவிடம் கேட்க ஆரம்பித்தார். படுதாவுக்குப் பின்னால் இரண்டு பேரும் ஒரு வாரத்துக்கு மேல் சாயங்காலம் சாயங்காலமாக உட்கார்ந்திருந்தார்கள். அப்பா கையைத் தூக்கி, மடக்கி, விரித்து ஏதோ காட்டுவார். அக்கா வரைவார். அப்பா தலையை ஆட்டுவார், அக்கா அழிப்பார். மூக்கைக் கொஞ்சம் எடுப்பாக வரையச் சொல்கிறார் போல என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்தப் பக்கத்து ஆள்

அப்பா ஒரு காலத்தில் நல்ல சங்குகுளிகாரர். கீழே ரொம்ப நேரம் கிடந்துவிட்டுச் சட்டென்று மேலே வந்தால் ரத்தத்துக்குள் காற்று ஏறிக்கொள்ளும். மூட்டு மூட்டாக வலிக்கும், கை கால் விழுந்துவிடும், ஆளே போய்விடுவதும் உண்டு. 'காத்து பிடிச்சிட்டு' என்பார்கள். நான் அஞ்சாம் வகுப்புப் படிக்கும்போது அப்பாவுக்குப் பிடித்தது. திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பி வந்தார். கை சரியாயிற்று. இடது கால் இழுத்துக்கொண்டேதான் வரும். அதோடு கடல் முடிந்தது.

அம்மா இறால் உரிக்கிற கம்பெனிக்குப் போகிறாள். நான் துறைமுகத்துக்குப் போகிற லாரிகளில் ஓடுகிறேன். அப்பா கொட்டகைக்குப் போவார், சீட்டு விளையாடுவார், வருவார். வீட்டில் யாரும் அதைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. தெருவும் சொல்வதில்லை. சுவர் சொல்லிவிட்டது.

காத்து பிடிப்பதற்கு முன்னாலேயே அவரைச் சீட்டோடு பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூடம் விட்டுக் கடற்கரை வழியாக வரும்போது ஒரு நாள், கொட்டகை நிழலில் சாக்கில் சாய்ந்து கிடந்தார். சுற்றி மூன்று பேர். என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார், சீட்டோடு சேர்த்து. நானும் ஆட்டினேன். வீட்டுக்குப் போய், "அப்பா சீட்டு வெளாடிட்டு இருக்காவ" என்று அம்மாவிடம் போட்டுக்கொடுத்தேன். அம்மா அரிசி களைந்துகொண்டே வைதாள். அது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

படுதா எடுத்த இரண்டாம் நாளே எனக்குப் பெயர் வந்துவிட்டது. 'ஆட்டக்காரன் மவன்'. நான் பெயர் வைத்த ஒருவரும் மிச்சமில்லாமல் வந்து கூப்பிட்டார்கள். லாரி ஆபீஸில்கூட ஒருவன், "ஏலே, இன்னைக்கு ஒங்க அப்பாவுக்கு ஷிப்ட் உண்டா?" என்றான்.

மற்றவன் எல்லாம் அப்பனைக் காட்டப் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு சுவருக்கு வருகிறான். இடது பக்கம் போய், அந்தா பாரு தாத்தா என்கிறான். நான் அந்தத் தெருவையே சுற்றி, ஐஸ் கம்பெனிச் சந்து வழியாக வீட்டுக்குப் போனேன்.

சிரிக்காதவன் ஒருத்தன்தான். அமல். என் கூட ஒன்றாம் வகுப்பில் இருந்து படித்தவன், ஐஸ் கம்பெனியில் வேலை. தினமும் வேலை முடிந்து போகும்போது வண்டியைச் சுவருக்கு முன்னால் நிறுத்துவான். சரியாக அந்த மூலையில். இறங்காமல், ஒரு காலை ஊன்றிக்கொண்டு பார்ப்பான். எனக்கு அதுதான் எல்லாவற்றையும் விட எரிந்தது.

"என்னலே, எங்க அப்பா கையில என்ன சீட்டுன்னு எட்டிப் பாக்கியோ?" என்றேன் ஒரு நாள்.

"சும்மாலே," என்றான். கிக்கரை மிதித்துப் போய்விட்டான்.

பரோட்டா

ரேவதி அக்கா அடுத்த சுவருக்குக் கொல்லம் போயிருந்தார். போன் போட்டு, சீட்டை எடுத்துவிட்டு அப்பா கையில் ஒரு வலையையும் வலை பின்னுகிற ஊசியையும் கொடுக்க முடியுமா என்று கேட்டேன். வலை பின்னுவதும் உட்கார்ந்துகொண்டு செய்கிற வேலைதானே, பெரிய பொய் ஒன்றும் இல்லை. அக்கா, "உங்க அப்பாகிட்ட கேட்டியா?" என்றார். கேட்கிறேன் என்று வைத்துவிட்டேன். கேட்கவில்லை.

திருநாளுக்கு முந்தின நாள். மத்தியானச் சாப்பாடு முடிந்து தெருவே தூங்கிக்கொண்டிருந்தது. அம்மா வேலைக்குப் போயிருந்தாள். அமல் கருப்பட்டி வாங்க உடன்குடிக்குப் போயிருந்தான், அவன் அம்மா திருநாளுக்குப் பலகாரம் போட்டு விற்பாள். கொட்டகையில் படகுக்கு அடித்து மிச்சமிருந்த பிரவுன் பெயின்ட் டப்பா ஒன்று கிடந்தது. எடுத்துக்கொண்டு போனேன். ஒரு நாய் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது.

சீட்டை மறைத்து, அதன்மேல் வலை மாதிரி கோடு போட்டால் போதும் என்று கணக்கு. பெயின்ட் வழிந்தது. வழிந்ததைச் சமப்படுத்தப் பக்கத்தில் கொஞ்சம் அடித்தேன். அதைச் சமப்படுத்த இந்தப் பக்கம் கொஞ்சம். வட்டமாக, தட்டையாக, நடுவில் சுருள் சுருளாகக் கோடுகளோடு ஏதோ ஒன்று வந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் நின்று பார்த்துவிட்டு ஒரே குரலில் தீர்ப்புச் சொன்னார்கள். அப்பா கையில் பரோட்டா.

இந்த ஊரில் பரோட்டாவைத் தெரியாத பிள்ளை கிடையாது. அவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

ஓடிப்போய் மண்ணெண்ணெயும் துணியும் கொண்டு வந்து துடைத்தேன். பிரவுன் வந்தது. அதோடு அடியில் இருந்த படமும் வந்தது. துடைக்கத் துடைக்க அந்த இடம் சேறாகிக்கொண்டே போயிற்று. அப்பாவின் முகம் தப்பித்தது. கைலி ஓட்டைகூடத் தப்பித்தது. நாலு பேருக்கும் நடுவில் ஒரு தட்டு அளவுக்கு ஒன்றுமே இல்லை.

இழுத்து இழுத்து நடக்கிற செருப்புச் சத்தம் பின்னால் கேட்டது. திரும்பாமலே யார் என்று தெரியும்.

மிக்கேல் மாமா கை

அப்பா திட்டுவார் என்று நினைத்தேன். ஏன் சீட்டை அழித்தாய் என்று கேட்டால் சொல்ல ஒரு பதில்கூட வைத்திருந்தேன். ஊரில் உள்ள அப்பன் எல்லாம் கடலுக்குள்ளே இருக்கான், நீங்க மட்டும் ஏன் இங்க கிடக்கிய என்று.

அவர் சீட்டைப் பற்றியே கேட்கவில்லை. சுவருக்குப் பக்கத்தில் வந்து, அந்தச் சேற்றில் விரலை வைத்துப் பார்த்தார்.

"மிக்கேல் கை எங்கலே?"

மிக்கேல் மாமா அமலின் அப்பா. அப்பா படுத்த அடுத்த வருஷம் கடலில் போனவர். நான் அதுவரை அந்த நாலாவது ஆளைப் பார்த்ததே இல்லை. முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற யாரோ ஒருவர், அவ்வளவுதான். முகம் தெரியாதவனை வைத்து என்ன கிண்டல் செய்ய முடியும்?

அப்பா குருசடிப் படியில் உட்கார்ந்து சொன்னார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, சுவரைப் பார்த்துச் சொன்னார்.

காத்து பிடித்து ஒருவனைக் கரைக்குத் தூக்கி வந்தால், வண்டி வரும் வரை அவனைத் தனியே கிடத்தக் கூடாது. வீட்டுக்கும் சொல்லிவிடக் கூடாது. பெண்டு பிள்ளைகள் அழுகிற சத்தம் காதில் விழுந்தால் ஆள் தளர்ந்துவிடுவான். அதனால் நிழலில் சாய்த்து வைத்து, அவன் கையில் சீட்டைக் கொடுத்துவிட்டு, சுற்றி உட்கார்ந்து விளையாடுவார்கள். விரல் சீட்டைப் பிடிக்கிற வரைக்கும் காற்று கைக்கு வரவில்லை என்று அர்த்தம். விழுந்தால் பக்கத்தில் இருக்கிறவன் எடுத்துத் திரும்ப விரலுக்குள் சொருகுவான். விழுந்ததைப் பற்றி யாரும் பேசக் கூடாது. அந்த வழியாகப் போகிறவர்களுக்கு நாலு வெட்டிப் பயல்கள் சீட்டு விளையாடுகிறார்கள் என்று மட்டும்தான் தெரிய வேண்டும்.

ரேவதி அக்கா முதலில் அப்பாவைப் பழைய போட்டோ ஒன்றைப் பார்த்து இடது பக்கம், கடலுக்குள், நடுவில் வரைந்தாராம். அப்பாதான் வேண்டாம் என்று சொல்லி, அந்த நாளை அந்த மூலையில் வரையச் சொல்லியிருக்கிறார். மிக்கேல் மாமாவுக்கு ஒழுங்கான போட்டோ கிடையாது. ரேஷன் கார்டில் இருந்து பெரிசாக்கின ஒன்று அமல் வீட்டில் மாலையோடு தொங்குகிறது, அது யார் வேண்டுமானாலும் இருக்கலாம். அதனால்தான் முதுகு. ஆனால் கையை அப்பாவால் சொல்ல முடிந்தது. வலது கைச் சுண்டுவிரல் பாதிதான். கம்ப்ரஸர் பெல்ட் கொண்டுபோய்விட்டது. அந்தக் கை, விழுந்த சீட்டு ஒன்றை எடுத்து அப்பாவின் விரலுக்குள் சொருகுகிறது. சாயங்காலம் சாயங்காலமாக அப்பா மடக்கிக் காட்டினது மிக்கேல் மாமாவின் விரலை.

படுதா எடுத்த அன்றைக்கே அப்பா அமலைக் கூட்டிக்கொண்டுபோய், இந்தா இதுதான் உங்க அப்பா என்று காட்டியிருக்கிறார். அவன் வண்டியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தது அதைத்தான்.

"அன்னைக்கு எல்லா ஆட்டமும் நாந்தான் ஜெயிச்சேன்," என்றார் அப்பா. "அதுலயே எனக்குத் தெரிஞ்சிட்டு, இனிமே நமக்குக் கடல் இல்லன்னு."

நான் கையில் இருந்த மண்ணெண்ணெய்த் துணியைச் சுருட்டிச் சுருட்டிக்கொண்டு நின்றேன். அந்த மாதிரி நான் உங்களை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லையே என்றேன்.

"பாத்த. புத்தகப் பையைத் தூக்கிட்டு அந்த வழியாத்தான் போன. கை காட்டின."

"நீங்களும் காட்டினியள்லா?"

"எனக்கு எங்கலே கை தூக்க முடிஞ்சுது? மிக்கேல்தான் எங் கையைப் பிடிச்சித் தூக்கி ஆட்டினான். பய பயந்துருவான்னு."

குருசடியில் சீரியல் பல்பு கட்டிக்கொண்டிருந்தவர்கள் எரிகிறதா என்று போட்டுப் பார்த்தார்கள். பச்சை, சிவப்பு, பச்சை, சிவப்பு என்று சுவர்மேல் விழுந்தது. வேறு ஏதோ ஒரு நாள் என்று நான் நினைத்திருந்தது அதே நாள்தான். அவர் அன்றைக்குக் கிடந்த கிடப்பில் என்னைச் சிரிக்க வைத்து அனுப்பியிருக்கிறார்கள். நான் வீட்டுக்குப் போய்ப் போட்டுக்கொடுத்தேன். அது சின்னப் பிள்ளையில், போகட்டும். இப்போது எனக்கு வயது இருபத்தி நாலு. இப்போதும் அதையேதான் செய்திருக்கிறேன்.

அப்பா எழுந்தார். "அமல்ட்ட நீயே சொல்லு. நாஞ் சொல்ல மாட்டேன்." காலை இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

அனுப்பினது

ரேவதி அக்காவுக்குப் போன் போட்டேன். அந்தக் கை திரும்ப அப்படியே வருமா தெரியாது என்றார், உங்க அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல வந்த கை அது என்றார். கொல்லம் வேலை முடியாமல் வர முடியாது. மறுநாள் பூசை முடிந்ததும் சாமியார் சுவரை மந்திரித்து ஆசீர்வதிக்க வருவார். அமல் அவன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து முன்னால் நிற்பான். அந்த அம்மா இன்னும் படத்தைப் பார்க்கவில்லை. திருநாள் அன்றைக்குக் காட்டலாம் என்று வைத்திருக்கிறான்.

வாட்ஸப்பில் அவனுக்கு எழுதினேன். முதலில், ஒரு சின்ன பரோட்டா விபத்து என்று ஆரம்பித்தேன். அழித்தேன். மக்கா, நீ கோவப்படக் கூடாது என்று ஆரம்பித்தேன். அதையும் அழித்தேன். கடைசியில் கிண்டல் ஒன்றும் இல்லாமல் எழுதினேன். சுவரில் எங்க அப்பா சீட்டு விளையாடுவது எனக்குக் கேவலமாக இருந்தது, பெயின்ட் அடித்து மறைத்தேன், துடைத்தேன், அதில் உங்க அப்பா கை போய்விட்டது, சுண்டுவிரலும் போய்விட்டது, அது யார் கை என்று எனக்குத் தெரியாது, தெரியாது என்று சொல்லவும் வெட்கமாக இருக்கிறது, தினமும் நீ அங்கே நின்றதைப் பார்த்தும் நான் கேட்கவில்லை. இவ்வளவுதான் எழுதினேன். இவ்வளவு நீளமாக நான் யாருக்கும் எழுதினது கிடையாது, இந்தப் பத்திரிகையைத் தவிர.

அனுப்பிவிட்டு, சுவருக்கு முன்னால் அவன் வண்டியை நிறுத்துகிற இடத்தில் போய் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் அந்த மூலை மட்டும்தான் தெரிகிறது. உழைப்பு, ஓய்வு, லூர்து அண்ணாச்சியின் குச்சி, ஒன்றும் தெரியவில்லை. சாய்ந்து கிடக்கிற ஒருவர், முதுகைக் காட்டி அவர் பக்கம் குனிந்திருக்கிற ஒருவர், நடுவில் நான் துடைத்த இடம்.

நீல டிக் விழுந்தது. அவன் படித்துவிட்டான். எழுதுகிறான் என்று காட்டியது. நின்றது. திரும்ப எழுதுகிறான் என்று காட்டியது. ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. சப்பரம் ஜோடிக்கிறவர்கள் பூக்கட்டை இறக்கிவிட்டு என்னைத் தாண்டிப் போனார்கள், ஒருவன் 'ஆட்டக்காரன் மவனே' என்று கூப்பிட்டான். அந்தப் பெயருக்கு நான் திரும்பி, என்ன என்று கேட்டேன்.

பிறகு போன் ஒரு தடவை அதிர்ந்தது.

"அரை வெரல்தானலே, அதை வரைய ஒனக்கே வரும்."